மூடின அறைக்குள்ள வரோவா என்ன பண்ணுது, மருந்து எப்போ போடணும்?

பிப்ரவரி 9, 2025, மாலை 6:12 (கேள்வி)

அண்ணா, இத்தாலியத் தேனீ ஆறு பெட்டி வெச்சிருக்கேன். ரெண்டு பெட்டில தேனீ முதுகுல செம்பழுப்பு கலர்ல பொட்டு வெச்ச மாதிரி ஏதோ ஒட்டிட்டு இருக்கு, வரோவாங்குற உண்ணின்னு சொல்றாங்க. எல்லா அடைச் சட்டத்தையும் தூக்கிப் பார்த்தாலும் பத்து தாண்டல. பத்துக்கெல்லாம் மருந்து போடணுமா? இன்னொண்ணு, இது மெழுகு மூடியை ஓட்டை போட்டுத்தான் தேனீப் புழு வளர்ற அறைக்குள்ள போகும், அதனால மூடி நல்லா இருந்தா உள்ள இருக்குற புழு சேஃப்னு நினைச்சிட்டு இருக்கேன். சரிதானே?

பிப்ரவரி 9, இரவு 10:50

ரெண்டுமே தப்பு தம்பி. ஓட்டை போட்டெல்லாம் போகாது, மூடி போடறதுக்கு முன்னாடியே உள்ள போய் உட்கார்ந்துடும். மூடி நல்லா இருக்குறதுதான் அதுக்கு வசதி. தேனீங்களே வெளிய இருந்து மெழுகு வெச்சு அடைச்சுக் குடுக்குது, உள்ள யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க.

முதுகுல பத்து தெரியுதுன்னா அது கணக்கே இல்ல. புழு நிறைய இருக்குற பெட்டில மொத்த உண்ணில பாதிக்கு மேல, பல சமயம் முக்கால்வாசி, மூடின அறைக்குள்ளதான் இருக்கும். மீதி தேனீ மேல இருந்தாலும் முதுகுல இருக்காது, வயித்துக்கு அடியில தகடு மேல தகடா இருக்குற இடுக்குல சொருகிக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் அகலம், நண்டு ஓடு மாதிரி தட்டையான உடம்பு, அந்த இடுக்குக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கும். நீங்க கண்ணால பத்து பார்த்திருந்தா நான் பயப்படுவேன்.

பிப்ரவரி 10, காலை 6:30

ராத்திரி அவசரமா எழுதினது, இப்ப ஒழுங்கா சொல்றேன்.

தாய் உண்ணி செவிலித் தேனீ மேல சவாரி பண்ணிட்டே இருக்கும். வெளிய போற தேனீ மேல இருக்குறதை விட புழுவுக்குச் சாப்பாடு ஊட்டுற தேனீ மேல இருக்கத்தான் அதுக்கு இஷ்டம், ஏன்னா அந்தத் தேனீதான் நாள் முழுக்க அறை அறையா தலையை விட்டுப் பார்க்கும். அஞ்சாறு நாள் வளர்ந்து மூடப்போற பருவத்துல இருக்குற புழு கிட்ட வந்ததும் இறங்கிடும். வேலைக்காரத் தேனீ அறைன்னா மூடறதுக்கு 15லிருந்து 20 மணி நேரம் முன்னாடி, ஆண் தேனீ அறைன்னா 40லிருந்து 50 மணி நேரம் முன்னாடியே. எப்படிக் கண்டுபிடிக்குதுன்னா வாசனை. மூடப்போற வயசுல புழு தோல்ல இருந்து எஸ்டர்னு சில வாசனைப் பொருள் வருது, அது செவிலித் தேனீக்கு 'என்னை மூடு'ன்னு சொல்ற சிக்னல், உண்ணி அதையே ஒட்டுக்கேட்டு உள்ள போகுது.

உள்ள போனதும் புழுவுக்கும் செவுத்துக்கும் நடுவுல நுழைஞ்சு அடிவரைக்கும் போய், புழுவோட கூழ்ச் சாப்பாட்டுக்குள்ள தலைகீழா முங்கிப் படுத்துக்கும். மூச்சு விடறதுக்குன்னு உடம்புல சின்னக் குழாய் ரெண்டு இருக்கு, அதை மட்டும் கூழுக்கு மேல நீட்டி வெச்சுக்கும். அறையைச் சுத்தம் பண்ண வர தேனீ கண்ணுல படாது. மூடினப்புறம் புழு மிச்சக் கூழைத் தின்னு முடிக்கும்போது உண்ணி விடுபட்டு மேல ஏறிடும்.

இதை லென்ஸ்ல காட்டினப்போ என் பொண்ணு கேட்டா, "அப்பா, சாப்பாட்டுக்குள்ளயே படுத்திருக்கு, ஆனா சாப்பிடவே மாட்டேங்குதே?" சரியான கேள்வி. கூழ் அதுக்கு வேணாம். அது காத்துட்டு இருக்குறது புழுவுக்கு.

பிப்ரவரி 10, இரவு 9:15

"சரி, உள்ள போன ஒண்ணு ஒண்ணாத்தானே வெளிய வரும்"னு தனியா கேட்டிருக்கீங்க. இல்ல. குடும்பமா வரும்.

மூடி மூணு நாள் கழிச்சு முதல் முட்டை வெக்கும். அது கருவுறாத முட்டை, ஆண். அப்புறம் 30 மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு வரிசையா பெண் முட்டை. வேலைக்கார அறைல மொத்தம் அஞ்சு, ஆண் தேனீ அறைல ஆறு வரைக்கும். அப்போ ஒரு அறைல இருந்து நாலஞ்சு புது உண்ணி.

பிப்ரவரி 11, காலை 7:05

மேல கடைசி வரி தப்பா எழுதிட்டேன், திருத்திக்கோங்க. முட்டை வெக்கிறது அஞ்சு, ஆனா அத்தனையும் உருப்படியா வெளிய வராது. விஷயமே இங்கதான் இருக்கு, கொஞ்சம் கணக்குப் போடணும்.

வேலைக்காரத் தேனீ அறை மூடி இருக்குறது சுமார் 12 நாள், 280 மணி நேரம் கிட்ட. முதல் முட்டை 60லிருந்து 70வது மணில (நேத்து "மூணு நாள்"னு சும்மா போட்டேன், மூணு நாளுக்குக் கொஞ்சம் முன்னாடியே). அது ஆண், முழுசா வளர ஆறரை நாள் பக்கம் ஆகும், அதனால 220வது மணி வாக்குல ரெடி. முதல் பெண் முட்டை 100வது மணில, அது வளர ஆறு நாளுக்குள்ள, அப்போ 235, 240ல முழு உண்ணி ஆகிடும். ரெண்டாவது பெண் 270 தாண்டி. மூணாவது 300 ஆகும். ஆனா தேனீ 280லயே மூடியைக் கடிச்சிட்டு வெளிய வந்துடுமே! அப்போ மூணாவது, நாலாவது எல்லாம் வெள்ளை வெளேர்னு பிஞ்சா இருக்கும்போதே அறை திறந்துடும், காஞ்சு செத்துடும். ஆணும் அங்கயே சாகும், அது வாழ்நாள்ல அந்த அறையை விட்டு வெளிய வர்றதே இல்ல. ஆக வேலைக்கார அறைக்கு ஒரு பொண்ணு நிச்சயம், ரெண்டாவது அதிர்ஷ்டம் இருந்தா.

இப்போ அதே கணக்கை ஆண் தேனீ அறைக்குப் போடுங்க. அது ரெண்டு நாளுக்கு மேல கூடுதலா மூடி இருக்கும். அந்த ரெண்டு நாள்ல ரெண்டாவது பொண்ணும் மூணாவது பொண்ணும் தப்பிச்சிடும். வரோவா ஆண் அறைக்கு பல மடங்கு அதிகமா போறதுக்குக் காரணம் இந்த ரெண்டு நாள்தான்னு நான் நம்புறேன். எனக்கு இது புரிஞ்ச அன்னைக்குத்தான் உண்ணியைப் பூச்சியா பார்க்காம கடிகாரமா பார்க்க ஆரம்பிச்சேன்.

பிப்ரவரி 11, மதியம் 1:20

அறைக்குள்ள கூடப்பிறந்ததுங்களே கூடுமான்னு கேட்டிருக்கீங்க. ஆமா, அண்ணன் தங்கச்சிதான். ஒரே தாய் உள்ள போயிருந்தா வேற வழி இல்ல. ரெண்டு மூணு தாய் ஒரே அறைக்குள்ள போயிருந்தா கலந்துக்கும்.

பிப்ரவரி 14, இரவு 11:30

இன்னைக்கு ஆண் அறை ஒண்ணைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தேன், எழுதாம தூக்கம் வராது.

அந்தச் சின்ன அறைக்குள்ள வீடு மாதிரி ஒழுங்கு இருக்கு. தாய் உண்ணி கூட்டுப்புழு வயித்துல ஒரே ஒரு இடத்துல ஓட்டை போட்டு வெச்சிருக்கும், அதை மூட விடாம திரும்பத் திரும்ப அங்கயே வந்து கடிக்கும். ஏன்னா குட்டிங்க வாய் ரொம்ப மெல்லிசு, அதுங்களால தோலைக் குத்த முடியாது. அம்மா போட்ட ஓட்டைலதான் எல்லாக் குட்டியும் மாத்தி மாத்தி வந்து குடிக்கணும். அதே மாதிரி கழிவுக்கும் ஒரே இடம், செவுத்துல வெள்ளையா குவிஞ்சிருக்கும். ஆண் உண்ணி அந்தக் குவியல் கிட்டயே சுத்திட்டு இருக்கும், புதுசா வளர்ந்த பொண்ணு அங்க வரும், கூடல் அங்கதான் நடக்கும். ஆணோட வாயுறுப்பு விந்தை எடுத்துக் குடுக்குறதுக்குன்னே மாறிப்போயிருக்கு.

அந்த வெள்ளைக் குவியல் நமக்கு உபயோகம். தேனீ வெளிய வந்த காலி புழு அடையை வெளிச்சத்துக்கு நேரா சாய்ச்சுப் பிடிச்சு அறையோட மேல் செவுத்தைப் பாருங்க, சுண்ணாம்பு தெறிச்ச மாதிரி வெள்ளைப் பொட்டு இருந்தா அங்க ஒரு குடும்பம் வாழ்ந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். தேன் காஞ்சு படிஞ்சதா இருக்கும்னு நான் ரெண்டு வருஷம் விட்டுட்டேன்.

பிப்ரவரி 15, காலை 8:00

உண்ணி குடிக்கிறது ரத்தமா கொழுப்பான்னு கேட்டிருக்கீங்க. பழைய புத்தகம் எல்லாம் தேனீயோட ரத்தத்தைக் குடிக்குதுன்னுதான் சொல்லும். 2019ல சாமுவேல் ராம்சேங்குற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் அது முக்கியமா கொழுப்புத் திசுவைத்தான் கரைச்சுத் தின்னுதுன்னு காட்டினாங்க. தேனீக்கு அந்தத் திசுதான் நம்ம கல்லீரல் மாதிரி, விஷத்தை முறிக்கிறது, சத்தைச் சேத்து வெக்கிறது, நோய் எதிர்ப்பு எல்லாம் அங்கதான். அதனால கொழுப்புன்னு வெச்சுக்கோங்க.

பிப்ரவரி 15, இரவு 9:40

காலைல எழுதினது பாதிதான் சரி. 2024ல வந்த ஆராய்ச்சில ரெண்டையும் பிரிச்சுப் பார்த்திருக்காங்க: வளர்ந்த தேனீ மேல சவாரி பண்ணும்போது கொழுப்புத் திசு, அறைக்குள்ள கூட்டுப்புழு மேல குட்டி போடும்போது பெரும்பாலும் ரத்தம். ரெண்டு இடத்துக்கு ரெண்டு சாப்பாடு. யோசிச்சா பொருந்துது, வளர்ந்த தேனீல அது உட்கார்ற வயித்து இடுக்குக்கு நேர் கீழதான் கொழுப்பு படலமா இருக்கு.

எதைக் குடிச்சாலும் நமக்கு வர்ற பெரிய நஷ்டம் வைரஸ். இறக்கை சுருங்குற வைரஸை ஊசி போடற மாதிரி உள்ள ஏத்துது. அறைக்குள்ளயே அது பட்ட தேனீ வெளிய வரும்போது இறக்கை கசங்கின காகிதம் மாதிரி, வயிறு குட்டையா இருக்கும். பெட்டி வாசல்ல அப்படி ஊர்ந்துட்டுப் போற தேனீயைப் பார்த்தா மனசு கனத்துப் போகும். அது பறக்குறதுக்குப் பிறந்தது.

பிப்ரவரி 22, மாலை 5:25

மருந்து போட்டேன், தட்டுல நூத்துக்கணக்குல விழுந்துச்சு, முடிஞ்சதுன்னு எழுதியிருக்கீங்க. முடியல தம்பி. நான் பண்ணின அதே தப்பு, நடந்ததைச் சொல்றேன்.

நல்லா புழு இருக்குற பெட்டில ஆக்சாலிக் அமிலம் போட்டேன். அடில வெச்ச ஒட்டுற அட்டைல உண்ணி கொட்டுச்சு, எண்ணி எண்ணி சந்தோஷப்பட்டேன். மூணு வாரம் கழிச்சு தேனீயைச் சர்க்கரைப் பொடில உருட்டி உண்ணியை எண்ணிப் பார்த்தா பழைய எண்ணிக்கைக்கே வந்து நிக்குது. மருந்து போலின்னு நினைச்சு குடுத்தவர் கிட்ட சண்டைக்கே போயிட்டேன், அவர் பாவம். மருந்து சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு, ஆனா ஆக்சாலிக் மெழுகு மூடியைத் தாண்டிப் போகாது. நான் கொன்னது தேனீ மேல இருந்த கால் பங்கை. மூடிக்குள்ள இருந்த முக்கால் பங்கு பத்திரமா இருந்து, 12 நாளுக்குள்ள ஒவ்வொண்ணா மகளோட வெளிய வந்துச்சு. ஃபார்மிக் அமிலம் மட்டும் ஆவியா மூடிக்குள்ள போகும், ஆனா வெயில் அதிகமான நாள்ல போட்டா ராணியே செத்துடலாம், அதனால லேபிள்ல இருக்குற வெப்ப அளவைப் பார்க்காம தொடாதீங்க.

பிப்ரவரி 23, காலை 6:45

எண்ணுறது எப்படின்னு ரெண்டு பேர் கேட்டாச்சு. புழு இருக்குற சட்டத்துல இருந்து அரைக் கப் தேனீ, அதுல 300 கிட்ட இருக்கும். ராணி அதுல இல்லைன்னு மூணு தடவை பாருங்க. வலை மூடி போட்ட பாட்டில்ல போட்டு ரெண்டு ஸ்பூன் பொடிச்ச சர்க்கரை, உருட்டி ரெண்டு நிமிஷம் வெச்சு, வெள்ளைத் தட்டுல தண்ணி ஊத்தி அது மேல குலுக்கினா சர்க்கரை கரைஞ்சு உண்ணி மட்டும் நிக்கும். தேனீ உயிரோட பெட்டிக்குத் திரும்பிடும், சர்க்கரையை நக்கிட்டே. ஆல்கஹால்ல கழுவினா எண்ணிக்கை இன்னும் துல்லியம், ஆனா அந்த 300 சாகும். நான் சர்க்கரைதான் பண்றேன். நூறு தேனீக்கு மூணு வந்தா சும்மா இருக்கக்கூடாது.

ஆனா இதுவும் வெளிய இருக்குறதைத்தான் எண்ணுது. அதனால கூடவே மூடின ஆண் அறை ஐம்பதைத் திறங்க. கூட்டுப்புழு கண்ணு இளஞ்சிவப்பா இருக்குற பருவம் வசதி, முள்ளு சீப்பால மூடியோட சேர்த்துத் தூக்கினா கூட்டுப்புழு முழுசா வந்துடும், வெள்ளை உடம்பு மேல செம்பழுப்பு பளிச்னு தெரியும்.

மார்ச் 2, இரவு 10:10

மனசுல ரொம்ப நாளா கிடக்குற விஷயம் ஒண்ணு.

என்கிட்ட ஒரு பெட்டி இருந்துச்சு, அதுல மட்டும் மூடின அறைங்க அங்கங்க திறந்து கிடக்கும், வெள்ளைக் கூட்டுப்புழுத் தலை வெளிய தெரியும், சிலதைப் பாதி கடிச்சு இழுத்து வெளிய போட்டிருக்கும். அடையே பொத்தல் பொத்தலா அசிங்கமா இருக்கும். ராணி சரியில்ல, ஏதோ நோய்னு முடிவு பண்ணி அந்த ராணியை நசுக்கிட்டு வேற ராணி விட்டேன். அடுத்த தடவை அடை பலகை மாதிரி வழவழன்னு அழகா மூடியிருந்துச்சு, பெருமையா இருந்துச்சு. நாலு மாசத்துல அந்தப் பெட்டி உண்ணியால செத்துச்சு.

அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தப் பழைய கூட்டம் உண்ணி இருக்குற அறையை மூடிக்கு மேல இருந்தே மோந்து கண்டுபிடிச்சுத் திறந்து சுத்தம் பண்ணிட்டு இருந்திருக்கு. திறந்ததும் கடிகாரம் நின்னுடும். தாய் உண்ணி தப்பிச்சு ஓடினாலும் குட்டி அத்தனையும் போச்சு. சில கூட்டம் கூட்டுப்புழுவை இழுக்காம, சும்மா மூடியைத் திறந்து மறுபடி மூடறதும் உண்டு, அதுவே உண்ணியோட குட்டி போடுற வேலையைக் கெடுக்குதுன்னு பார்த்திருக்காங்க. இந்தக் குணத்துக்காகவே ராணி வளர்க்குறவங்க இருக்காங்க. நான் கையில இருந்ததை நசுக்கிட்டேன்.

பொத்தல் அடை பார்த்தா உடனே முடிவு பண்ணாதீங்க, வேற நோய்லயும் பொத்தல் வரும். திறந்து கிடக்குற அறைக்குள்ள உண்ணி இருக்கா, கூட்டுப்புழு நல்ல வெள்ளையா இருக்கா, நாத்தம் இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் ராணி மேல கை வைங்க.

மார்ச் 3, மதியம் 2:00

இந்தியத் தேனீக்கு ஏன் இது பெரிய பிரச்சினை இல்லைன்னு கேட்டது நல்ல கேள்வி, கொஞ்சம் வழி மாறிப் போறேன்.

வரோவாவுக்குப் பூர்வீக வீடே அந்தத் தேனீதான். 1904ல ஔடமன்ஸ்ங்குற ஆராய்ச்சியாளர், ஜாவால இந்தியத் தேனீ கூட்டுல கிடைச்ச உண்ணிக்கு வரோவா ஜேகப்சோனின்னு பேர் வெச்சார். இத்தாலியத் தேனீயை அழிக்குறது அதுதான்னு ரொம்ப நாள் எல்லாரும் எழுதிட்டு இருந்தாங்க, 2000ல ஆண்டர்சனும் ட்ரூமனும் இது வேற இனம்னு பிரிச்சு வரோவா டிஸ்ட்ரக்டர்னு பேர் வெச்சாங்க. அதனால பழைய கட்டுரைல ஜேகப்சோனின்னு இருந்தா பெரும்பாலும் அது டிஸ்ட்ரக்டரைத்தான் சொல்லுதுன்னு எடுத்துக்கோங்க.

இந்தியத் தேனீயோட வேலைக்காரப் புழு உண்ணி கடிச்சா தாங்காம சீக்கிரமே செத்துடும். கேட்கப் பரிதாபமா இருக்கும், ஆனா செத்த புழுவை கூட்டம் உண்ணியோட சேர்த்து வெளிய வீசிடும், அதோட அந்த அறைல உண்ணி வம்சம் முடிஞ்சுது. அதனால அங்க உண்ணி ஆண் அறைல மட்டும்தான் பெருகும். அதுலயும் நிறைய உண்ணி ஏறி ஆண் புழு பலவீனமாயிட்டா, அதால மூடியைத் திறக்க முடியாது, கூட்டமும் திறக்காது, உள்ளயே எல்லாம் சமாதி. இத்தாலியத் தேனீ புழு திடமானது, கடிச்சாலும் தாங்கும், வளர்ந்து வெளிய வரும், உண்ணியையும் கூட்டிட்டு வரும். அந்தத் திடமே அதுக்குக் கேடு.

மார்ச் 3, இரவு 8:30

ஆஸ்திரேலியால வரோவா இல்லாம இருந்துச்சாமேன்னு கேட்டதுக்கு: ஆமா, ரொம்ப வருஷம் அங்க டிஸ்ட்ரக்டர் நிலைக்காம இருந்துச்சு, 2022 ஜூன்ல நியூகாசில் துறைமுகத்துல கண்காணிப்புப் பெட்டில கண்டுபிடிச்சாங்க. அழிச்சே தீரணும்னு ஆயிரக்கணக்குல பெட்டியை அழிச்சுப் பார்த்து, 2023 செப்டம்பர்ல இனி ஒழிக்க முடியாது, கட்டுப்படுத்தி வாழணும்னு முடிவுக்கு வந்துட்டாங்க.

மார்ச் 9, காலை 7:40

போட்டோ பார்த்தேன். அது வரோவா இல்ல. நீளவாக்குல இருக்கு, அடை மேல வேகமா ஓடுதுன்னு வேற சொல்றீங்க. வரோவா அகலம் அதிகம், நீளம் கம்மி. இது ட்ரோபிலேலாப்ஸ், மலைத்தேனீல இருந்து வந்தது. இதுவும் மூடின அறைக்குள்ளதான் குட்டி போடும், ஆனா வளர்ந்த தேனீயோட தோலைக் கடிச்சுத் தின்ன முடியாது, அதனால புழு இல்லாம சில நாளுக்கு மேல தாங்காது. புழுவே இல்லாத இடைவெளி குடுத்தா வரோவா தேனீ மேல உட்கார்ந்து மாசக்கணக்குல காத்திருக்கும், இது செத்துடும்.

உங்க பெட்டில ரெண்டும் இருக்கு போல. நல்லவேளை, ரெண்டுக்கும் ஒரே வழி.

மார்ச் 9, இரவு 10:05

ஐம்பது அறை திறந்ததுல பதினொண்ணுல வரோவா இருந்துச்சுன்னு சொல்றீங்க. தேனீ முதுகுல பத்துன்னு ஆரம்பிச்சோம், ஞாபகம் இருக்கா?

ராணியை அடைச்சிடுங்க. கொல்லாதீங்க, கூண்டுல அடைங்க, வேலைக்காரத் தேனீ உள்ள போய் ஊட்டிட்டு வர்ற மாதிரி கம்பி வெச்ச கூண்டு. 24 நாள். வேலைக்காரத் தேனீ முட்டைல இருந்து வெளிய வர 21 நாள், ஆண் தேனீக்கு 24, அதனால 24 ஆனா மூடின அறைன்னு ஒண்ணுகூட இருக்காது. அன்னைக்கு ராணியை விட்டுட்டு, தேன் அடுக்கை எடுத்துட்டு, ஆக்சாலிக் போடுங்க, உங்க இடத்துல அனுமதி இருக்கான்னு கேட்டுக்கிட்டு, கையுறையும் அமிலத்துக்கான முகமூடியும் போட்டுக்கிட்டு. இப்போ ஒளிய இடமே இல்லாததால எல்லா உண்ணியும் தேனீ மேல வெளிய நிக்கும். ராணி மறுபடி முட்டை வெச்சு அது மூட ஒன்பது நாள் கிட்ட ஆகும், அந்த ஒன்பது நாள் கதவு நம்ம பக்கம் திறந்திருக்கு.

நடுவுல வாரம் ஒரு தடவை அடைல புது ராணி வளர்க்குற ராணியறை கட்டுதான்னு பாருங்க, கட்டினா கலைச்சிடுங்க.

ஏப்ரல் 4, மாலை 6:50

இன்னைக்கு 24 ஆச்சுன்னு உங்க மெசேஜ். அட்டைல முதல் நாளே எண்ண முடியாத அளவு விழுந்துச்சுன்னா சரியாத்தான் போகுது. என் மூணு பெட்டிக்கும் உங்க கூடவே பண்ணினேன், எனக்கும் அதே.

ஏப்ரல் 27, காலை 9:15

புது புழு மூடி ஒரு வாரம் தாண்டிடுச்சு. இன்னைக்கு ஆண் அறை ஐம்பது திறந்தேன். நாப்பத்தொன்பது சுத்தம். ஒண்ணுல மட்டும் தாய் ஒண்ணு, பக்கத்துல வெள்ளையா ஒரு பிஞ்சு, செவுத்துல சின்ன வெள்ளைப் பொட்டு. அடுத்து மே 18ல எண்ணப் போறேன். நீங்களும் அன்னைக்கே எண்ணுங்க, சர்க்கரை மட்டும் போதாது, அறையையும் திறங்க.